கடந்து போகாதவர்

கடலில் எது மிதந்து வந்தாலும் தண்டல் பாய் படகைத் திருப்பிவிடுவார். தென்னை மட்டை, ஒடிந்த துடுப்பு, ஊதிப்போன நாய், யாரோ தவறவிட்ட கூடை, எதுவானாலும் சரி. கிட்டே போய், நீளக் கழியால் ஒரு தரம் புரட்டிப் பார்த்து, "ம்ம், போலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் லாஞ்சு தன் வழிக்கு வரும். அந்த லாஞ்சில் என் வீட்டுக்காரர் எஞ்சின் டிரைவர். அதனால் தண்டல் பாயின் இந்தப் பழக்கம் என் வயிற்றில் ஒரு கல்லாகவே கிடந்தது.

படகை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். கோட்டக்குப்பத்துக்காரர். அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. மரக்காணத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதிகாரிகள் முதல் மீன் விற்கிற பெண்கள் வரை எல்லாருக்கும் தண்டல் பாய்தான். நெட்டையான ஆள். வெயிலில் சுருக்கிச் சுருக்கிக் கண் இரண்டும் பாதி மூடியே இருக்கும். நம்மிடம் பேசும்போதுகூட நமக்குப் பின்னால் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். நான் பல தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இருக்காது.

லாஞ்சு வந்தது யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்னால். மெட்ராஸிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தேக்குப் பலகை, பித்தளை மணி, மேலே பால் வெள்ளைப் பெயிண்ட். கரையில் கூட்டம் கூடித் தேங்காய் உடைத்துக் கும்பிட்டது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலம். அங்கே மலிவாய்க் கிடைக்கிற பட்டும் சாராயமும் சாக்கரினும் கட்டுமரத்தில் ஏறி, இருட்டோடு இருட்டாக நம் கரையில் இறங்கும். அதைப் பிடிக்கத்தான் சர்க்கார் இந்த ரோந்துப் படகை அனுப்பியது. கழுவெளி ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தைத் தாண்டிக் கோட்டக்குப்பம் வரை போகும், திரும்பும்.

நான் திருவாமாத்தூரில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் ஏரித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். சம்பளம் கூட என்று இந்த வேலைக்கு வந்தார். முதல் மாசம் முழுக்க வாந்தி. "தண்டவாளமாச்சும் ஒரு எடத்துல நிக்கும் புள்ள. இந்தத் தண்ணி நிக்கவே மாட்டேங்குது" என்பார். மரக்காணத்தில் சர்க்கார் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தோம். எங்கள் வீடு கோடியில். அதற்கு அடுத்தது தண்டல் பாயினுடையது. அவர் பெண்சாதி கோட்டக்குப்பத்திலேயே இருந்தாள். இவர் இங்கே தனியாகப் பொங்கித் தின்பார். பல நாள் கேப்பைக் கூழ் நான்தான் கொடுப்பேன்.

ஒரு சாயங்காலம் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தார்.

"தங்கச்சி, நல்ல காயி. மெதந்து வந்துது. கொழம்பு வைம்மா."

அவர் போன பிறகு உருட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் குங்குமம் கரைந்த தடம், காம்புப் பக்கம் சூடம் எரிந்த கருப்பு. யாரோ திருஷ்டி கழித்துக் கடலில் போட்ட காய். அது அவருக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "யாரோ கழிச்சித் தள்ளினத வூட்டு வாசல்லயே கொண்டாந்து வச்சிட்டாரே மனுஷன்" என்றார். கால்வாயில் தூக்கிப் போட்டால் மறுபடியும் அவர் கண்ணில் பட்டு எடுத்துவந்துவிடுவாரோ என்று பயந்து, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். மறுநாள் "கொழம்பு எப்பிடி?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

கள்ளக்கடத்தல்காரர்களுக்கு அவர் பழக்கம் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. வாழை மரத்துக்குச் சட்டை மாட்டி, தலைப்பாகை கட்டி, லாஞ்சு வருகிற பக்கமாக மிதக்க விடுவார்கள். பாய் அதைப் பார்த்துத் திருப்பிப் போகிற நேரத்தில், அந்தப் பக்கம் நாலு கட்டுமரம் சரக்கோடு கரை ஏறிவிடும். மூன்றாம் தடவை இப்படி ஆனபோது சுங்க இலாகா இன்ஸ்பெக்டர் லைன் வீடு வரைக்கும் வந்து சத்தம் போட்டார். நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன்.

"வாழ மரம்னு உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுதுங்க ஐயா."

"தெரிஞ்சிக்கினே போனியா?"

"பத்து வாட்டி வாழ மரமா இருக்கும்ங்க. பதினோராவது வாட்டி ஆளா இருந்தா?"

"பதினோராவது வாட்டி உனக்கு வேலையே இருக்காது" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.  

ஏன் இப்படி என்று என் வீட்டுக்காரர் ஒரு தரம் நேராகவே கேட்டுவிட்டார். எங்கள் வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார் பாய். கலயத்தைக் கீழே வைத்தார்.

"ரங்கூன் கப்பல்ல கலாசியா இருந்தேன். அப்ப எனக்கு மீசகூட சரியா மொளைக்கல. மத்தியான வெயிலு. தூரத்துல கருப்பா ஒண்ணு மெதந்துக்கினு வருது. ஓடிப்போய் ஆபீசர்கிட்ட சொன்னேன். அவரு கண்ணாடி வச்சிப் பாத்தாரு. வெறும் மரக்கட்டன்னாரு. கப்பலு போய்க்கினே இருந்துது. நான் பின்னாடி போய் நின்னு பாத்துக்கினே இருந்தேன்."  பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "கட்ட கையத் தூக்குமா டிரைவரே?"

  மிச்சக் கூழைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இதையெல்லாம் வைத்து அவரைப் பைத்தியம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு ஐப்பசிப் புயலுக்கு மறுநாள், அனுமந்தைக் குப்பத்துக்காரன் ஒருவன் உடைந்த கட்டுமரத்தின் ஒற்றை மரத்தைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தான். அவன் சொந்தக்காரர்களே அவனைத் தலைமுழுகிவிட்டார்கள். பாய்தான் அவனைத் தூக்கிவந்தார். அந்தக் குப்பத்துப் பெண்கள் கூட்டமாக வந்து, எங்கள் லைன் வீட்டு வாசலில் அவர் காலில் விழுந்தார்கள். அவர் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அன்றைக்கும் என் வயிற்றிலிருந்த கல் கரையவில்லை. அந்தக் குப்பத்தானைத் தேடி லாஞ்சு எவ்வளவு தூரம் வெளியே போனது, அலை எப்படி எஞ்சின் ரூமுக்குள் ஏறியது என்று என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. வெள்ளை லாஞ்சுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். பித்தளை மணிக்கும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிரந்தரமாக ஏறினான். மெட்ராஸில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறித் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வந்து இறங்கினார்கள். எங்களுக்கு யுத்தம் கடல் வழியாக வந்தது. முதலில் கரையெல்லாம் கருப்பு எண்ணெய். வலையில் ஒட்டினால் போகாது. அப்புறம் தக்கை வைத்துத் தைத்த மேல்சட்டைகள், இங்கிலீஷ் எழுத்துப் போட்ட பெட்டிப் பலகைகள், ஒரு கதவு, ஒற்றை பூட்ஸ். தண்டல் பாய் முன்பு வாரத்துக்கு ஒரு தரம் படகைத் திருப்பினார். இப்போது தினம் திருப்பினார். சில நாள் அவர் கழியால் புரட்டியது மட்டை இல்லை. அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததும் சோறு வேண்டாம் என்பார்.

ஆலம்பரைக் கோட்டைக்குக் கிட்டே மணலில் ஒரு நாள் பெரிய இரும்பு உருண்டை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. உருண்டை முழுக்கக் கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. கடலில் போடுகிற குண்டாம், கப்பல் வந்து முட்டினால் வெடிக்குமாம். பட்டாளத்துக்காரர்கள் லாரியில் வந்து, ஊரைத் தள்ளி நிற்கச் சொல்லி அதை வெடிக்க வைத்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்த எங்கள் வீட்டு ஓடு சரிந்தது. இதேபோல இன்னும் எத்தனை அறுத்துக்கொண்டு அலைகிறதோ தெரியாது என்றார்கள். தெரியாத எதற்கும் கிட்டே லாஞ்சைக் கொண்டுபோகக் கூடாது, தூரத்திலிருந்தே சுட்டுவிட வேண்டும் என்று ஆர்டர் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஆர்டரைப் படித்துக் காட்டினபோது பாய் ஒன்றே ஒன்று கேட்டாராம். "ஆளா இல்லியான்னு தெரியாம எப்பிடிங்க சுடறது?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் சொன்னார், "இந்த மனுஷன் என்னிக்காச்சும் ஒரு நாளு எங்க எல்லாரையும் கொன்னுடப் போறாரு."

"வேணாங்க. விழுப்புரம் ஷெட்டுக்கே திரும்பிடலாம். எங்கண்ணன்கிட்ட சொல்லி வைக்கறேன்."

"கேக்கலாம்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் மாதிரி சொன்னார். "ஆனா ஒண்ணு. நானே ஒரு நாளு கடல்ல வுழுந்துட்டேன்னு வையி. எந்த போட்டு என்னத் தேடிக்கினு வரும்? இது ஒண்ணுதான்."

ஷெட்டுக்கு எழுதிப் போட்டோம். பதில் வருவதற்குள் அந்த நாள் வந்துவிட்டது.

மார்கழி முடிகிற சமயம். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. நான் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். வாளி பாதி வந்திருக்கும். கடல் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஒரே சத்தம். இடி மாதிரி நீளவில்லை, யாரோ பெரிய கதவை அறைந்து சாத்தினது மாதிரி. உப்பளத்துக் கொக்கெல்லாம் ஒரேயடியாக எழும்பின. கயிறு என் கையிலிருந்து நழுவி வாளி கீழே போய் விழுந்தது. என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முகத்துவாரத்துக்கு ஓடினோம். குப்பத்து ஆட்கள் அதற்குள் கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வெயில் சாயும்போதுதான் திரும்பினார்கள். லாஞ்சுக்குப் பின்னால் எப்போதும் கட்டியிருக்கும் சின்னத் தோணியை ஒரு கட்டுமரம் இழுத்துவந்தது. தோணியில் உயிரோடு இரண்டு பேர். ஒருவர் தண்டல் பாய். இன்னொருவர் அவர் மடியில் சாய்ந்து, அவர் சட்டையைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். தூரத்தில் பார்த்தபோது அந்த இன்னொருவர் என் வீட்டுக்காரர் என்று நினைத்துவிட்டேன். தண்ணீரில் இறங்கி இடுப்பளவுக்கு ஓடினேன். கிட்டே வந்த பிறகு பார்த்தேன். முன்பின் தெரியாத முகம். தோல் உரிந்து, உதடு வெடித்து, என் அப்பாவை விட வயசான ஆள்.

தோணியின் அடியில் கரிந்த பலகைத் துண்டுகளும், ஒரு தொப்பியும், துடுப்புப் பாதியும் குவிந்து கிடந்தன. கிடைத்ததையெல்லாம் பொறுக்கிப் போட்டிருந்தார்.

"எங்க பாய்?" என்றேன்.

  அவர் தலையை மட்டும் அசைத்தார்.

நடந்ததை அவர் வாயாலேயே பிறகு கேட்டேன். காலையில் தூரத்தில் என்னவோ மிதந்ததாம். சிப்பாய் துப்பாக்கியை எடுத்தான். பாய் தடுத்துவிட்டார். ஆர்டரை மீறி லாஞ்சைக் கிட்டே கொண்டுபோகவும் இல்லை. எஞ்சினை நிறுத்தி லாஞ்சை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் தோணியில் இறங்கினார். என் வீட்டுக்காரர், "நானும் வர்றேன் பாய், ஒத்த ஆளா போவாதீங்க" என்றாராம். "நீ எஞ்சின வுட்டு நவுராத. இது வெடிச்சா நான் ஒருத்தன்தான் போவேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். மிதந்தது பலகைகளைச் சேர்த்துக் கட்டின தெப்பம். அதில் ஒருவர் செத்துக் கிடந்தார், ஒருவருக்கு மூச்சு இருந்தது. மூச்சிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தோணியில் போடும்போதுதான் பின்னால் அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தால் லாஞ்சு இருந்த இடத்தில் புகையும் மரச்சிராயும்தான் இருந்தன. நின்ற இடத்திலேயே, தண்ணீருக்கடியில் அலைந்த ஏதோ ஒன்று வந்து முட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர், சிப்பாய், லாஞ்சில் கயிறு பிடிக்கிற கலாசி, மூன்று பேரில் ஒருவரும் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்.

அந்த ஆளைத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஏன் போனேன் என்று கேட்டால், மனசாரச் சபிக்கத்தான் போனேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கரண்டியும் பாதி கடைவாயில் வழிந்தது. துடைத்துத் துடைத்து ஊட்டினார். ஒரு வாய்க் கஞ்சி விழுங்க முடியாத ஆளைச் சபிக்க எனக்கு வாய் வரவில்லை. பாய் இந்துஸ்தானியில் ஏதோ சொன்னார். நான் யார் என்று சொல்லியிருப்பார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திண்டிவனத்திலேயே டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். குமாஸ்தா ஒருவர் தமிழில் கேட்டார்.

"லாஞ்சு அந்த எடத்துல ஏன் நின்னுது?"

"எனக்காகத்தாங்க நின்னுது" என்றார் பாய். மேலே ஒரு வார்த்தை தனக்காகச் சொல்லவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். உன் புருஷன் இந்த ஆளைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்கள். நான் பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சோறு தின்றுகொண்டே சொன்ன இரண்டையும் சொன்னேன். ஒரு நாள் எங்கள் எல்லாரையும் கொன்றுவிடுவார் என்று சொன்னதையும் சொன்னேன். கடலில் விழுந்தால் தேடி வருகிற படகு இது ஒன்றுதான் என்று சொன்னதையும் சொன்னேன். குமாஸ்தா முதலாவதை மட்டும் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். இரண்டாவது, வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று நினைத்தாரோ என்னவோ. பாயை வேலையை விட்டு நீக்கினார்கள்.

நான் விழுப்புரத்தில் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உடைக்கிற மில்லில் வேலை. தாலியைக் கழற்றச் சொல்லி வீட்டில் நச்சரித்தார்கள். உடம்பைப் பார்க்காமல் கழற்ற மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தண்டல் பாய் அவ்வப்போது வருவார். தெருமுனையில் நின்று ஆள் அனுப்புவார். நான் போனால் ஒரே பேச்சுதான். "இன்னும் இல்லம்மா." கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை கரையோரமாகவே நடந்து தேடிக்கொண்டிருந்தார். ஒரு தரம் அண்ணன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "கொன்னதும் நீ, தேடறதும் நீயா? இனிமே இந்தப் பக்கம் வந்தே..." என்று கத்தினான். பாய் கையை உயர்த்தவில்லை. அண்ணன் விடுகிற வரைக்கும் நின்றிருந்தார். அண்ணன் போன பிறகு என்னைக் கேட்டார்.

"நிறுத்திடட்டுமாம்மா?"

"தேடுங்க" என்றேன். இரக்கத்தில் சொன்னேனா வன்மத்தில் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

யுத்தம் முடிந்து அடுத்த தையில் வந்தார். கண் இரண்டிலும் பூ விழுந்திருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "கண்ணு போச்சும்மா. இனிமே என் கால்ல வந்து தட்டினாத்தான் எனக்குத் தெரியும்" என்றார். அன்றுதான் எனக்கும் காத்திருப்பு முடிந்தது. தை அமாவாசையன்று ஒரு சொம்புப் பாலும் பச்சரிசியும் பூவும் எடுத்துக்கொண்டு மரக்காணம் போனேன். நான் சொல்லி வைத்திருந்தபடி அவர் பஸ் நிற்கிற இடத்தில் காத்திருந்தார். கரைக்குப் போய்த் தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அரிசியையும் பூவையும் அலையில் விட்டேன். பாலை ஊற்றப்போகும்போதுதான், இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"இவ்ளோ நாளு நடந்தீங்களே பாய். ஒண்ணுமே கெடைக்கலியா?"

"கெடைச்சாங்கம்மா. நெறைய பேரு. வெள்ளக்காரங்க, சீனாக்காரங்க, நம்மளப் போல ஆளுங்க. யாருன்னே சொல்ல முடியாத மாதிரி சில பேரு. ஒவ்வொரு வாட்டியும் டிரைவராத்தான் இருக்கும்னு பக்கத்துல போவேன். இருக்காது. நாய் இழுக்காம சவுக்குத் தோப்புல பொதைச்சிடுவேன். எனக்குத் தெரிஞ்சத ஓதுவேன். அவங்க வேற சாமி கும்புட்டவங்களா இருந்தா மன்னிச்சுக்குவாங்க."

"எங்க?"

முன்னால் நடந்தார். கண் தெரியாதவர், மரத்துக்கு மரம் கையை வைத்துக்கொண்டு தடுமாறாமல் போனார். மேல்மணல் காற்றில் நகர்ந்து எல்லாம் ஒன்றுபோலத் தரையோடு தரையாகக் கிடந்தது. கல் இல்லை, குச்சி இல்லை. இங்கே ஒருத்தர், இங்கே ரெண்டு பேரு என்று நின்று நின்று சொன்னார். வழி நீண்டுகொண்டே போனது. கடைசியில் தோப்பு முடிகிற இடத்தில் நின்றார்.

"இதோட சரி. இது யாருன்னு தெரியாதும்மா. மொகமே இல்ல."

"தெரிய வேணாம் பாய்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து சொம்பைச் சாய்த்தேன். மணல் சட்டென்று குடித்துவிட்டது.